டி டிரைவில் இருந்த பிள்ளைகள்

பாபநாசம் கடைத்தெருவில் ஃபாஜில் நடத்திய கம்ப்யூட்டர் கடைக்கு 2005 ஜனவரியில் ஒரு பிற்பகல் தியாகராசன் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவர் கையில் இருந்த உரச்சாக்கிலிருந்து சேறு கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடையை அசுத்தம் செய்துவிடுவோமோ என்று வாசற்படிக்கு வெளியிலேயே தயங்கினார்.

அவருக்கு நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த ஸ்டூடியோவில் சுவர்கள்தான் மிச்சம். சாக்குக்குள் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர். இரண்டு வருஷத்துக்கு முன் பாகங்களை வாங்கி அதைப் பூட்டிக் கொடுத்தவன் ஃபாஜில்தான் என்பதால் பஸ் ஏறி அவனிடமே வந்திருந்தார்.

"பாய், இத வெயில்ல நல்லா காயவச்சா ஓடுமா?" என்று கேட்டார்.

ஃபாஜில் சாக்கைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே மணலும் கடற்பாசியும் ஒட்டிக் கிடந்தன. காயவைத்தாலும் வைக்காவிட்டாலும் இது இனிப் பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று பக்குவமாகச் சொன்னான். வந்தவர் நகரவில்லை. மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நவம்பரில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அடையாள அட்டைக்காக அவர் படம் எடுத்திருந்தார். அட்டை இன்னும் அடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது இல்லை. வீடுகளும் இல்லாததால் வீட்டில் மாட்டியிருந்த படங்களும் இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்துக்குத் தாய்மார்கள் வந்து நிற்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை.

கடையின் பின்பக்கம் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்த ஃபாஜிலின் மனைவி ஷமீரா எழுந்து வந்தாள்.

"காயவைக்காதீங்க," என்றாள். "ஈரமாவே இருக்கட்டும்."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

ஷமீரா குத்தாலத்துப் பெண். அவளுடைய அத்தா இப்ராஹிம் குவைத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். தொண்ணூறில் அங்கே போர் வந்தபோது உடுத்திய துணியோடு ஊர் திரும்பினார். அப்போது அவள் கும்பகோணத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். படித்தது போதும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அத்தா அந்த நாட்களில் எதற்கும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் தெம்பில் இல்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் திருச்சிக்கு எம்.ஃபில். படிக்கப் போனாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த பொருள், உலோகத்தை உலோகத்தின்மேல் மாற்றி மாற்றிப் படியவைத்த மெல்லிய படலங்கள். கொஞ்சம் கோபால்ட், அதன்மேல் கொஞ்சம் பிளாட்டினம், மறுபடியும் கோபால்ட். ஒவ்வொரு அடுக்கும் சில அணுக்களின் கனம்தான். மொத்தமும் சேர்ந்தால்கூடக் கண்ணாடியில் ரசம் பூசியது மாதிரித்தான் தெரியும். சாதாரணமாக இப்படிப்பட்ட படலத்தில் காந்தம், காற்றில் சாய்ந்த பயிர் போலப் படுத்துக் கிடக்கும். அடுக்குகளை வேண்டிய அளவுக்கு மெல்லியதாக்கினால் அது நட்ட நாற்று போல நிமிர்ந்துவிடும். நிமிர்ந்து நிற்பதை நெருக்கமாக நிறுத்தலாம். நெருக்கமாக நிறுத்தினால் சின்ன இடத்தில் நிறையத் தகவலை வைக்கலாம்.

அந்தக் காந்தம் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதை ஒளியை வைத்தே கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் அவளை ஈர்த்தது. ஒரு திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியைப் படலத்தின்மேல் விட்டால், திரும்பி வரும் ஒளி துளியூண்டு தலையைச் சாய்த்துக்கொண்டு வரும். காந்தம் மேல் நோக்கியிருந்தால் ஒரு பக்கம் சாயும், கீழ் நோக்கியிருந்தால் மறுபக்கம். அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு அவளுடைய துறையில் கருவி கிடையாது. பெங்களூரிலிருந்து படலங்கள் வந்தன. கருவியை அவளே செய்தாள். அதற்கு வேண்டிய மின்காந்தச் சுருளைக் குத்தாலத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்துச் சுற்றி வாங்கினாள். இது எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார் அவர். தண்ணீர் இறைக்க இல்லை, வெளிச்சத்தைச் சாய்க்க என்று அவள் சொன்னபோது ஒன்றும் புரியாமல், ஆனாலும் நேர்த்தியாகச் சுற்றிக் கொடுத்தார்.

ஒளியால் எழுதி ஒளியால் படிக்கும் தட்டுகள்தான் இனி உலகம் முழுவதும் வரப்போகின்றன என்று வழிகாட்டிப் பேராசிரியர் நம்பினார். உலகம் வேறு பக்கம் போனது. வீட்டுக்கு வீடு வந்த கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்தான் உட்கார்ந்தது. அவளும் வேறு பக்கம் போனாள். தொண்ணூற்றைந்தில் பாபநாசத்து ஃபாஜிலுக்கும் அவளுக்கும் நிக்காஹ் ஆனது. ஃபாஜில் அப்போது சிங்கப்பூரில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவனாக இருந்தான். அவளும் போய்ச் சேர்ந்தாள். சில மாதங்களில் அவளுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் ஆலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது.

தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. பூச்சுப் பிரிவிலிருந்து கோபால்ட் கலவை பூசிய தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றின்மேல் ஒளியை விட்டு, திரும்பி வரும் ஒளியின் சாய்வை வைத்துக் காந்தப் படலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருச்சியில் மேசைமேல் அவள் கையால் செய்ததையே இங்கே ஒரு பெரிய எந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் செய்தது. தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். அவள் பார்த்த தட்டுகள் எல்லாமே வெற்றுத் தட்டுகள். அவற்றில் என்ன எழுதப்படும், யார் எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் கம்ப்யூட்டர் வியாபாரம் உலகெங்கும் படுத்தது. அவள் வேலை பார்த்த பிரிவைத் தாய்லாந்துக்கு மாற்றினார்கள், ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஃபாஜில் வேலை பார்த்த கடையும் இளைத்துப்போனது. மகள் சாஜிதாவுக்குப் பள்ளி சேரும் வயது. இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து ஊர் திரும்பினார்கள். ஃபாஜில் கடை போட்டான். ஷமீரா காலையில் வீட்டைப் பார்த்துவிட்டு மதியத்துக்குமேல் கடைக்கு வந்து பில் போட்டாள். வருத்தம் என்று சொல்ல முடியாது. கையில் வைத்திருந்த ஏதோ ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரி சில சமயம் இருக்கும், அவ்வளவுதான்.

இப்படி இருந்தவள்தான் அன்று ஈரமாகவே இருக்கட்டும் என்றாள்.

தியாகராசனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினாள். பிள்ளைகளின் படங்கள் கம்ப்யூட்டருக்குள் காந்தமாக இருக்கின்றன. தண்ணீர் காந்தத்தைக் கழுவிக்கொண்டு போகாது. ஆபத்து உப்பில் இருக்கிறது. தட்டின்மேல் இருக்கும் கோபால்ட் படலம் மிக மிக மெல்லியது, அதன்மேல் இருக்கும் கரிப்பூச்சு அதைவிட மெல்லியது. உப்புத் தண்ணீர் காய்ந்து உப்புப் படியும்போது, காற்றும் சேர்ந்து, பூச்சில் எங்கெங்கே சின்ன ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் படலத்தைத் தின்றுவிடும். தின்ற இடத்தில் எழுதியது போனது போனதுதான்.

"அப்ப எடுத்துரலாமாம்மா?"

"தெரியாதுங்க. நான் இந்த மாதிரி வேல செஞ்சதே இல்ல. தட்டு நல்லாருக்கா இல்லையான்னு பாத்திருக்கேன், அவ்ளோதான். முயற்சி பண்றேன்னு மட்டும் சொல்றேன்."

அன்று மாலை வீட்டில், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மெடிக்கல் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் மூழ்கும்படி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். மாமியார் கமருன்னிஸா அந்த டப்பாவைத் தேடிக்கொண்டு வந்து, உள்ளே இருந்ததைப் பார்த்து, இது முறுக்கு டப்பா என்று சொன்னார். அது எதற்கு என்று தெரிந்துகொண்டபின் டப்பாவைத் தானே எடுத்துப்போய் யாரும் தொடாத மேல் அலமாரியில் வைத்தார்.

செய்ய வேண்டியது சொல்வதற்கு எளிது. அதே கம்பெனியின் அதே மாதிரி ஹார்ட் டிஸ்க் இன்னொன்று வேண்டும். நனைந்ததன் தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, நல்லதற்குள் வைத்துப் பூட்டி ஓடவிட வேண்டும். நல்லவேளையாக அதில் ஒரே தட்டுதான். ஆனால் அந்த மாடல் கடைகளில் நின்றுபோயிருந்தது. ஃபாஜில் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றியதை வாங்கி வந்தான். முதலில் பழைய இரும்பு என்று சொன்னவன் அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடையில் கிடந்த பழுதான ஹார்ட் டிஸ்க்குகளைத் திறந்து ஷமீரா கையைப் பழக்கிக்கொண்டாள். முதலாவது தட்டில் விரல் ரேகை பட்டது. இரண்டாவதில் படிக்கும் முனை, அதாவது தட்டுக்குமேல் பறந்துகொண்டே படிக்கிற அந்தக் கடுகளவுத் துண்டு, வளைந்துபோனது. மூன்றாவதில்தான் எதுவும் கெடாமல் தட்டு வெளியே வந்தது.

தூசிதான் பெரிய எதிரி. சிங்கப்பூரில் ஓர் அறையின் காற்றையே வடிகட்டி விட்டார்கள். பாபநாசத்தில் அறுவடைக்காலம், அறுவடை எந்திரங்கள் கிளப்பும் தூசி கதவிடுக்கு வழியாகவெல்லாம் வந்தது. அவள் யோசித்து, வீட்டுக் குளியலறையைத் தேர்ந்தெடுத்தாள். சுவரையும் தரையையும் கழுவினாள். அண்டா அண்டாவாகக் கொதிக்கும் தண்ணீரை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். ஆவி தூசியையெல்லாம் இழுத்துக்கொண்டு கீழே படிந்து, ஈரம் அடங்கியதும், துவைத்த நைலான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, காலைத் தொழுகை முடிந்த கையோடு உள்ளே போனாள்.

மூடியைத் திறந்தபோது தட்டு தெரிந்தது. கண்ணாடி போலவே இருந்தது. ஆனால் வெளி ஓரத்தில் ஒரு பக்கமாக, பிறைபோல, மங்கலான பழுப்பு படிந்திருந்தது. தண்ணீர் நின்ற கோடு அது. அந்த இடத்தில் உப்பு ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. மற்ற இடம் பளபளவென்று இருந்தது. தட்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் தட்டுகளைப் பார்த்த கண்தான். ஆனால் இதில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நினைப்பு வந்ததும், மூச்சு அதில் படாதபடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுத்தமான தண்ணீரை மேலே விட்டு விட்டு உப்பைக் கரைத்தாள். பிறகு ஸ்பிரிட். துடைக்கவே இல்லை, தானாக வடியவிட்டாள். மாற்றிப் பூட்டி மூடியபோது மழைக்கோட்டுக்குள் உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

கடையில் ஃபாஜில் மின் இணைப்பைக் கொடுத்தான். தட்டு சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு மூன்று முறை டிக் டிக் என்றது. பிறகு அமைதி. திரையில் அந்த ஹார்ட் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"ஓரத்துலேருந்து படிக்க வேணாங்க," என்றாள் ஷமீரா. "உள்ளேருந்து வெளிய வருவோம்."

ஹார்ட் டிஸ்க் வெளி ஓரத்திலிருந்துதான் நிரம்ப ஆரம்பிக்கும். முதலில் வரும் சி டிரைவ் ஓரத்தில் இருக்கும், டி டிரைவ் உள்பக்கம். நம் ஊரில் படங்களையெல்லாம் டி டிரைவில்தான் போடுவார்கள். ஃபாஜில் தன் கையால் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். பழுப்புப் பிறையைத் தொடாமல், உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கத் தொடங்கினார்கள். சில இடங்களில் நின்று நின்று போனது. பகல் முழுவதும் ஓடவிட்டுச் சாயங்காலம் ஆறவைத்தார்கள். டி டிரைவ் முழுவதும் வந்து முடிய அந்த வாரம் சரியாக இருந்தது.

முதல் படத்தை ஷமீராதான் திறந்தாள். நீலத் துணிக்கு முன்னால் ஒரு சிறுமி. எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய இரட்டைச் சடை, காலர் பட்டன் ஒன்று இல்லை. கேமராக்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டை மூடியிருந்தாள். அடுத்தது ஒரு பையன். அடுத்தது இன்னொருவன். ஷமீரா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கடை வாசலில் நின்றாள். சாஜிதாவின் பள்ளி விடும் நேரமாகியிருந்தது.

தியாகராசனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு சிக்கலைச் சொன்னார். படங்களுக்குக் கேமரா கொடுத்த எண்தான் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் எழுதி வைத்திருந்தது கடலோடு போயிற்று. அவரோ பக்கத்து ஊர்க்காரர். பாதிப் பிள்ளைகளை அவருக்கு அடையாளம் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களிலும் பலர் இப்போது இல்லை. ரெத்தினத்தை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெத்தினம் அந்த ஊர் மீனவக் குப்பத்தில் தெருத் தெருவாக மீன் விற்றவள். அவளுக்கு ஒரே மகன், நாலாம் வகுப்பு. கடல் கொண்டுபோனது. அந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை எது என்று அவளுக்குத் தெரியும் என்பதால் மட்டும் தியாகராசன் அவளைக் கூப்பிடவில்லை. ஸ்டூடியோ வாசலுக்கு முதலில் வந்து நின்றவள் அவள்தான்.

அவள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஷமீரா ஒவ்வொரு படமாகக் காட்டினாள். முதல் தடவை அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, தலையை ஆட்டி, அடுத்தது என்று கையைக் காட்டினாள். கடைசிப் படம் வந்து போனபின்னும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"படம் எடுத்த அன்னைக்கு அவனுக்கு அம்ம போட்டிருந்துச்சு," என்றாள். "நாந்தான் அனுப்பல. விட்டுப்போன புள்ளைங்கள அப்பறமா எடுப்போம்னு டீச்சர் சொன்னாங்க. எடுத்திருப்பாங்கன்னுதான் வந்தேன்."

தியாகராசன் முகம் மாறியது. எடுத்தது உண்மைதான் என்றார். விட்டுப்போன நாலைந்து பிள்ளைகளை ஒரு சாயங்காலம் ஸ்டூடியோவுக்கே அனுப்பியிருந்தார்கள். யார் யார் என்று அவருக்கு நினைவில்லை. அந்தப் படங்களை எங்கே போட்டீர்கள் என்று ஃபாஜில் கேட்டான். அவசரத்தில் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்ததாகச் சொன்னார்.

டெஸ்க்டாப்பில் போட்டால் அது சி டிரைவ். சி டிரைவ் என்றால் பழுப்புப் பிறை.

ஃபாஜிலும் ஷமீராவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெத்தினம் அதைக் கவனித்துவிட்டாள். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். ஷமீராவால் சொல்ல முடியவில்லை.

"ஒரு எடம் பாக்கி இருக்குக்கா. உப்பு தின்ன எடம். அங்க படிக்கப் போனா கிடைக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இதுவும் ஒடஞ்சிரும். மத்த புள்ளைங்க படத்தையெல்லாம் பத்திரமா எடுத்து வச்சாச்சு. அதனால ஒடஞ்சாலும் பரவால்ல. நீங்க சொல்லுங்க."

ரெத்தினம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாரு, பாயம்மா," என்றாள்.

ஃபாஜில் ஓடவிட்டான். பழுப்பின் விளிம்புவரை நகல் ஏறியது. பிறகு நின்றது, டிக் என்றது, தாண்டியது. சிதைந்த துண்டுகள் வந்தன. ஷமீரா திரையைப் பார்க்காமல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசியோடு கல்லும் அரைபட்ட மாதிரி ஒரு கரகரப்பு எழுந்தது. ஃபாஜில் மின்சாரத்தை நிறுத்தினான். மறுபடி போட்டபோது தட்டு சுற்றவே இல்லை.

வந்த துண்டுகளைத் தேடியதில் ஒரே ஒரு படத்தின் மேல்பகுதி கிடைத்தது. நீலத் துணி, தண்ணீர் தொட்டு வாரிய தலைமுடி, நெற்றி, புருவத்தின் மேல் விளிம்பு. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். கண் இல்லை, மூக்கு இல்லை.

ஷமீரா திரையை ரெத்தினம் பக்கம் திருப்பினாள். யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். ஆம் என்று அவள் சொல்லியிருந்தால் மறுக்க அங்கே யாருமில்லை. அந்த நெற்றியையாவது அவள் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஷமீரா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ரெத்தினம் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். திரையின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள், தொடவில்லை.

"இது எம் புள்ள இல்ல," என்றாள். "அவனுக்கு சுழி இந்தப் பக்கம். இது மேலத்தெரு அஞ்சல மவன். இவன் இருக்கான். முகாம்ல இருக்கான்."

வெளியே கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திருச்சியில் கற்றதும் சிங்கப்பூரில் பார்த்ததும் அத்தனையும் சேர்த்து ஷமீராவால் வரமுடிந்த தூரம் அந்தப் புருவம்வரைதான்.

யாராவது ஓவியரிடம் சொல்லி வரையச் சொல்லலாம், நீங்கள் அடையாளம் சொன்னால் போதும் என்று தியாகராசன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு மொகம் மறந்தா போச்சு?" என்றாள் ரெத்தினம். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு நல்லாத் தெரியுது. இன்னொருத்தருக்குக் காட்டத்தான் இல்ல."

பிறகு அவள் செய்ததைத்தான் ஃபாஜில் பின்னாளில் எல்லாரிடமும் சொல்லுவான். எழுந்து போவாள் என்று அவன் நினைத்தான். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதல்லேருந்து காட்டு என்றாள்.

இந்தத் தடவை பெயர் சொன்னாள். இது இன்னார் மகள், இது இன்னார் பேரன். இதன் அம்மாவும் போய்விட்டாள், அப்பன் கேரளாவில் படகில் இருக்கிறான், படத்தை அவனுக்கு அனுப்ப வேண்டும். இது உயிரோடு இருக்கிறது. இதுவும் இருக்கிறது. இந்த இரண்டும் அக்கா தங்கை, தனித்தனியாகப் பிரிண்டு போடாதே, சேர்த்துப் போடு. ஷமீரா ஒவ்வொரு எண்ணையும் அழித்துவிட்டு அங்கே பெயரைத் தட்டினாள். ஒரு பெயரை வேகமாகச் சொன்னால் நிறுத்தி மறுபடி கேட்டுக்கொண்டாள். அன்று முடியவில்லை. ரெத்தினம் அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். கமருன்னிஸா தானே இலை போட்டுப் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் மதியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெயர் வந்துவிட்டது.

பிரிண்டுகளைத் தியாகராசன் முகாம் முகாமாகக் கொண்டுபோனார். எல்லாரும் வாங்கிக்கொள்ளவில்லை. சிலர் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்றும் சொல்லாமல், வேண்டும் என்றும் சொல்லாமல் நின்றாராம். ஒரு வருஷம் கழித்து அவரே வந்து கேட்டு வாங்கிப்போனாராம். உயிரோடிருந்த பிள்ளைகள் தங்கள் படத்தைப் பார்த்து, காலர் கோணல் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்தார்களாம். அதைக் கேட்டபோதுதான் ஷமீராவுக்கு முதன்முதலாகக் கண்ணில் நீர் வந்தது.

அதன்பின் கடைக்குப் பழுதான ஹார்ட் டிஸ்க்குகள் வரத் தொடங்கின. கல்யாணப் படம், அரிசி ஆலைக் கணக்கு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய வீடியோ. ஷமீரா பில் போடுவதை விட்டுவிட்டு, பின்பக்கத்து அறையைக் கண்ணாடி வைத்து அடைத்து அதில் வேலை செய்தாள். கிடைத்ததைக் கொடுத்தாள், கிடைக்காததைக் கிடைக்காது என்று சொன்னாள். ஒருவருக்கு இல்லை என்று சொல்லும்போது எழுந்து நின்று சொல்வாள். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

இரண்டாயிரத்து ஏழில் சிங்கப்பூரிலிருந்து அவளுடைய பழைய மேற்பார்வையாளர் போன் செய்தார். ஹார்ட் டிஸ்க்குகளில் இப்போது காந்தத்தை நிமிர்த்தி எழுதும் முறை வந்துவிட்டது. அந்தப் படலங்களை முன்பே அளந்து பழகிய ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் திருச்சியில் அவள் மேசைமேல் நிமிர்ந்து நின்ற காந்தத்தைத்தான் அவர் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஃபாஜிலிடம் சொன்னாள். போவதென்றால் போவோம், கடையை மச்சினன் பார்த்துக்கொள்வான் என்றான் அவன். அவள் ஒரு வாரம் யோசித்தாள். போக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்பதை மறைக்காமல் அவனிடம் சொன்னாள். போவதென்று முடிவானது.

கிளம்புவதற்கு முன் ஷமீரா பஸ் ஏறித் தானே கடலோர ஊருக்குப் போனாள். ரெத்தினம் புதிதாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இருந்தாள். மறுபடி கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் படம் எதுவும் இல்லை. இருவரும் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். ஷமீரா கேட்கத் தயங்கியதை ரெத்தினமே ஆரம்பித்தாள். அவன் எப்படி இருப்பான் தெரியுமா என்று தொடங்கி, முன்பல் விழுந்த கதை, நண்டு பிடிக்கப்போய் விரலைக் கடிக்கவிட்டு வந்த கதை, சுழி இருந்த பக்கம் முடி படியவே படியாது என்று சொல்லிச் சொல்லி முடியவில்லை.

வெயில் சாய்ந்ததும் பாபநாசம் போகும் வழிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ரெத்தினம் பக்கத்து வீட்டில் விசாரித்து வந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்தாள்.

"போயிட்டு வா, தங்கச்சி," என்றாள். அதுவரை பாயம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபுறமும் குறுவை நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. ஷமீரா கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கம் சுழி, முன்பல் இல்லை, விரலில் நண்டுக்கடி என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு முகம் வந்தது. அது சரியான முகமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் அதை அவள் தன்னோடு எடுத்துக்கொண்டு போனாள்.